கிக்கர் பூட்டுவதா, பற்றரியைப் பேணுவதா?

விடிவதற்கு இரண்டு நாழிகை முன்பாக வெங்காய மூட்டையைப் பின்னிருக்கையில் கட்டிக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் புறப்படுகின்றார் ஒரு கமக்காரர். மோட்டார்ச் சைக்கிளின் செல்ப் பொத்தானை அழுத்துகின்றார். ‘டிக்’ என்னும் ஒலியன்றி வேறொன்றும் எழவில்லை. மறுமுறை அழுத்துகின்றார், அந்த ஒலியும் அடங்கிவிடுகின்றது. சந்தை அவருக்காகக் காத்திருக்குமா? நேரத்துக்குப் போய்ச் சேராத மூட்டை நல்ல விலைக்குத்தான் போகுமா? அன்று மாலையே கறாச்சுக்குச் சென்று, “தம்பி, செலவு எவ்வளவானாலும் பரவாயில்லை, இதுக்கு ஒரு கிக்கர் பூட்டித் தாரும்” என்கின்றார். பாடசாலைக்குப் பிந்திய ஆசிரியரும், நீதிமன்றத்துக்குப் பிந்திய சட்டத்தரணியும் அதே வேண்டுகோளுடன் அதே வாசலில் நிற்கின்றனர்.

இக்கேள்வி அற்பமானதென எவரும் ஒதுக்கிவிட வேண்டாம். 2020 மார்ச்சில் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 இன் தொடக்கத்திலேதான் அக்கதவு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழையதைப் பேணுவதன்றி எம்மவர்க்கு வேறு வழி இருக்கவில்லை. 2022 இல் மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் என அளந்து கொடுக்கப்பட்ட நாட்களில், பெரும்பாலும் முற்றத்திலேயே நின்ற வண்டிகளின் பற்றரிகள் சோர்ந்து செத்தன. ஆகவே பழைய வண்டியில் எதற்குப் பணம் செலவிடுவது, எதற்குச் செலவிடாதிருப்பது என்பது ஒரு குடும்பத்தின் வரவு செலவைத் தொடும் விஷயமாகும்.

எமது முடிவை முதலிலேயே கூறிவிடுகின்றோம். கிக்கர் எஞ்சினைச் சுழற்றும், நெருப்பைத் தராது. தமது வண்டிக்கு நெருப்பு எங்கிருந்து வருகின்றது என்பதை அறியாமல் கிக்கர் பூட்டுபவர், ஆழமறியாமல் காலை விடுபவரே ஆவர்.

கிக்கர் செய்வதும் செய்யாததும்

எஞ்சின் ஒன்று விழித்தெழுவதற்கு மூன்று வேண்டும்: சுழற்சி, எரிபொருள், தீப்பொறி. கிக்கர் இவற்றுள் முதலாவதை மட்டுமே தருகின்றது. செல்ப் ஸ்ராட்டர் செய்வதும் அதுவே. ஆனால் ஸ்ராட்டர் மோட்டார் அவ்வொரு வேலைக்காகப் பற்றரியிலிருந்து பல பத்து அம்பியர் மின்னோட்டத்தை இழுத்துவிடுகின்றது. பொறிக்கு வேண்டியதோ ஒரு சில அம்பியர் மாத்திரமே. இவ்வேறுபாட்டிலேதான் கிக்கரின் முழுப் பிரயோசனமும் அடங்கியிருக்கின்றது.

பற்றரி நல்ல நிலையில் இருப்பின் கிக்கர் தேவையில்லை. பற்றரி சோர்ந்து, ஸ்ராட்டரைச் சுழற்ற இயலாமல், ஆயினும் பொறியைத் தரக்கூடிய நிலையில் இருந்தால், கிக்கர் உற்ற நண்பன். பற்றரி முற்றாகச் செத்துவிட்டால்? அங்கேதான் வண்டிக்கு வண்டி வேறுபாடு தோன்றுகின்றது.

சில வண்டிகளில் மக்னெற்றோவிலே பொறிக்கெனத் தனிச் சுருள் ஒன்று உண்டு. எஞ்சின் சுழன்றால் அச்சுருளே மின்சாரத்தைப் பிறப்பிக்கும்; பற்றரியின் தயவு வேண்டியதில்லை. இவ்வகை வண்டியை, பற்றரி செத்த பின்னும் உதைத்து எழுப்பலாம். வேறு சில வண்டிகளிலோ பொறிக்குரிய மின்சாரம் பற்றரியிலிருந்தே வருகின்றது. இவற்றில் பற்றரி செத்தால், கால் வீங்கும்வரை உதைப்பினும் பிளக்கில் பொறி தோன்றாது. காபரேற்றருக்குப் பதிலாக எரிபொருள் உட்செலுத்தும் முறையமைந்த வண்டிகளில் நிலைமை இன்னும் கடினம். அங்கே பெற்றோலை அமுக்கித் தரும் பம்பிக்கும், அளவைத் தீர்மானிக்கும் மின்னணுப் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். அது இல்லையேல் பொறியும் இல்லை, பெற்றோலும் இல்லை.

எமது நெஞ்சிலே நிற்கும் நினைவு

கிக்கர் மீது எம்மவர் கொண்டுள்ள பற்றுக்கு ஒரு வரலாறு உண்டு. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் அற்றுப்போயிற்று. பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. அந்நாட்களில் காபரேற்றருக்குச் சில துளி பெற்றோலைக் காட்டி, உதைத்து எழுப்பி, பின்னர் மண்ணெண்ணெயிலே மோட்டார்ச் சைக்கிளை ஓட்டிய சமூகம் எமது சமூகம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட சமூகமும் அதுவே. பற்றரியை நம்பியவன் வீதியில் நின்றான், காலை நம்பியவன் ஊர் போய்ச் சேர்ந்தான் என்பது அக்காலம் எமக்குக் கற்பித்த பாடம்.

ஆனால் அப்பாடத்தின் மறுபாதியை நாம் மறந்துவிட்டோம். அன்று அவ்வண்டிகளை எழுப்பியது கால் மட்டுமன்று. காலால் சுழன்ற எஞ்சின் தனக்கு வேண்டிய பொறியைத் தானே பிறப்பித்துக்கொண்டது. டைனமோவைச் சுழற்றியபோது வானொலி பேசியதும் அதே நியதியினாலேயே. அந்த அமைப்பு இல்லாத வண்டிக்குக் கிக்கர் பூட்டி, அன்றைய வண்டியைப் போன்று இதுவும் எழும் என எதிர்பார்ப்பது, திரியில்லாத விளக்குக்கு எண்ணெய் வார்ப்பதை ஒக்கும்.

செய்தவர்கள் அறிந்திருந்தனர்

வண்டிகளைச் செய்தவர்கள் இவ்வுண்மையை நன்கறிவர். 1950 களிலும் 1960 களிலும் வந்த பிரித்தானிய மோட்டார்ச் சைக்கிள்கள் பலவற்றின் ஆளியிலே ‘அவசரம்’ என்னும் நிலையொன்று தனியே இருந்தது. பற்றரி செத்த வேளையில் ஆளியை அந்நிலைக்குத் திருப்பி உதைத்தால், மின்பிறப்பாக்கியின் மின்சாரம் நேரே பொறிக்குச் செல்லும். கிக்கர் இருந்தும் அவர்கள் அதனை ஏன் வைத்தனர்? காலால் மட்டும் காரியம் ஆகாது என்பதனாலன்றோ?

ஜெர்மனியின் பீ. எம். டபிள்யூ. நிறுவனத்தின் பழைய இரட்டைச் சிலிண்டர் வண்டிகளையும் நோக்குவோம். 1969 இல் வெளிவந்த வரிசையில் செல்ப் ஸ்ராட்டரும் கிக்கரும் ஒருங்கே இருந்தன. 1970 களின் நடுப்பகுதியில் கிக்கர், விரும்பியவர் மேலதிகப் பணம் கொடுத்து வாங்கும் உறுப்பாயிற்று. அது இல்லாத வண்டிக்கு இன்று அதனைச் சேர்க்க விரும்புவோர் உளர். ஆனால் அதற்குக் கியர்ப் பெட்டியைக் கழற்றித் திறக்க வேண்டும். அவ்வளவும் செய்த பின்னர், அவ்வண்டியின் பொறிக்குரிய மின்சாரமோ பற்றரியிலிருந்து வருவது. அதன் மின்பிறப்பாக்கி தன் வேலையைத் தொடங்குவதற்கும் பற்றரியின் மின்சாரம் முதலில் வேண்டும். ஆகவே பற்றரி சோர்ந்த காலையில் கிக்கர் கைகொடுக்கும். செத்த காலையில் கைவிடும்.

1975 ஆம் ஆண்டின் ஹொண்டா கோல்ட் விங் வண்டியில், கிக்கரின் நெம்பைக் கழற்றி, பெற்றோல் தாங்கிபோல் தோற்றமளித்த போலித் தாங்கிக்குள்ளே வைத்திருந்தனர். நாளாந்தப் பாவனைக்கன்று, ஆபத்துக்கு மட்டும் என்பது அதன் பொருள். தலைமுறைகளாக உதைத்தே எழுப்பப்பட்ட புல்லட்டை 1955 முதல் சென்னையிலே செய்துவந்த றோயல் என்பீல்ட் நிறுவனமும், 2020 இல் வெளியிட்ட மீற்றியோர் வண்டியிலும் 2021 இன் புதிய கிளாசிக் வண்டியிலும் கிக்கரை விட்டுவிட்டது.

கணக்குப் பார்ப்போம்

இனிச் செலவுக்கு வருவோம். கிக்கர் என்பது வெளியே தெரியும் நெம்பு மாத்திரமன்று. உள்ளே அதன் தண்டு, பற்சில்லு, ஒருபக்கம் மட்டும் பிடிக்கும் பல்லிணைப்பு, மீளச் சுருட்டும் வில், எண்ணெய் கசியாமற் காக்கும் ஒயில் சீல் ஆகியன உள. அச்சுழற்சியை வாங்கி எஞ்சினுக்குக் கொடுக்கும் பற்சில்லு கிளச்சிலோ கியர்ப் பெட்டியிலோ இருக்க வேண்டும். தண்டு வெளிவருவதற்குத் துவாரமுள்ள மூடியும் வேண்டும்.

சில எஞ்சின்கள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டு, ஒரு வகைக்குக் கிக்கருடனும் மறுவகைக்குக் கிக்கரின்றியும் வந்தவை. அவற்றில் தண்டுக்குரிய இடம் தக்கையொன்றால் மூடப்பட்டிருக்கும். முன்னர் இருந்த கிக்கர் உடைந்தபின் எவரோ கழற்றி எறிந்துவிட்ட வண்டிகளும் உள. இவ்விருவகை வண்டிகளின் சொந்தக்காரர், மக்னெற்றோவிலிருந்தே பொறி வருமாயின், தயங்காமல் கிக்கரைப் பூட்டுக. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

அவ்வாறன்றி, கிக்கருக்கென இடமே விடப்படாத எஞ்சினைப் பிளந்து, வேறொரு வண்டியின் உறுப்பை அராவிப் பொருத்தி, மூடியைத் துளைத்துச் செய்யும் வேலை வேண்டாம் என்பதே எமது துணிபு. தேய்ந்த பல்லிணைப்பு உடைந்தால் அதன் உருக்குத் துண்டுகள் எண்ணெயில் விழுந்து நல்ல கியரையும் கெடுக்கும். எஞ்சினைத் திறந்து பூட்டும் கூலி, ஒரு புதிய பற்றரியின் விலையைத் தாண்டிவிடவும் கூடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று எம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்?

முதலிற் செய்ய வேண்டியது

நிற்க. காலையில் எழாத வண்டிக்கு நோய் எது என்பதை முதலில் அறிதல் வேண்டும். மின்னளவி ஒன்று எந்தக் கறாச்சிலும் உண்டு. இரவு முழுவதும் நின்ற வண்டியின் 12 வோல்ற் பற்றரி 12.6 அளவிற் காட்டினால் அது நிறைந்திருக்கின்றது. 12 வரை இறங்கியிருந்தால் ஏறக்குறைய வெறுமையாகிவிட்டது. பொத்தானை அழுத்தும்போது 10 இலும் கீழே வீழ்ந்தால் பற்றரியின் உயிர் முடிவை நெருங்குகின்றது. எஞ்சின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது 14 அளவிற் காட்ட வேண்டும். 13 ஐயும் எட்டாவிடில் பற்றரி மீது பழியில்லை, அதற்கு மின்சாரம் ஏறவில்லை. 15 ஐத் தாண்டினால் மின்சாரம் அளவுக்கு மிஞ்சி ஏறிப் பற்றரியைக் கொல்கின்றது. நிறைந்த பற்றரியுடனும் ‘டிக்’ என்னும் ஒலி மட்டும் கேட்டால் றிலேயையும், ஸ்ராட்டரின் காபன்களையும், சட்டத்தில் பூட்டிய நிலக்கம்பியின் துருவையும் பார்க்க வேண்டும். உவர்க்காற்று வீசும் கரையோர ஊர்களில் அத்துருவொன்றே பலரை வீதியில் நிறுத்திவிடுகின்றது. ஐந்து நிமிடச் சுரண்டலில் தீரும் நோய்க்கு எஞ்சினைப் பிளக்கும் சத்திரசிகிச்சை எதற்கு?

காபரேற்றர் வண்டியாயின் இன்னொரு வழியும் உண்டு. சாவியைத் திறந்து, இரண்டாம் கியரில் இட்டு, கிளச்சைப் பிடித்தவாறு தள்ளி ஓடி, வேகம் வந்ததும் கிளச்சை விட்டால், சில்லே எஞ்சினைச் சுழற்றும். பற்றரியில் பொறிக்குரிய வலு எஞ்சியிருந்தால் இதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஆனால் வயல் வரம்பின் சேற்றிலும், மணற்பாங்கான ஒழுங்கையிலும், முதியவரின் கையிலும் இது நடவாது என்பதை நாம் மறுக்கவில்லை.

கால் எல்லோருக்கும் உண்டா?

இறுதியாக ஒன்று. கிக்கரே ஆண்மைக்கு அழகு, பொத்தான் சோம்பேறிக்கு உரியது என்று பேசுவோரை இன்றும் காண்கின்றோம். அவர்களிடம் கேட்கின்றோம்: போரிலே காலை இழந்தவர்கள் எமது மண்ணில் எத்தனை பேர்? முழங்கால் தேய்ந்த மூதாட்டியை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்லும் மகள், ஏற்றிய பாரத்தோடு வண்டியைச் சாய்த்து உதைக்க இயலுமா? அன்னோருக்கு அந்தச் சிறு பொத்தானே கால். அவர்கள் வீட்டு வண்டிக்குக் கிக்கர் பூட்டுமாறு ஆலோசனை கூறுவது உதவியாகாது. அப்பணத்தில் நல்ல பற்றரியொன்றை வாங்கி, அதற்கு மின்சாரம் ஒழுங்காக ஏறுகின்றதா என்று பார்த்துக் கொடுப்பதே உதவியாகும்.

ஆகவே வாசகர்களுக்கு நாம் கூறுவது இதுவே. கறாச்சுக்குப் போய், “கிக்கர் பூட்ட எவ்வளவு?” என்று கேட்பதற்கு முன்னர், “தம்பி, இதின்ரை பொறி மக்னெற்றோவாலையோ, பற்றரியாலையோ?” என்று கேளுங்கள். மக்னெற்றோவிலிருந்து வருமாயின், கிக்கருக்குரிய இடமும் இருக்குமாயின், பூட்டுங்கள். அது நீண்டநாள் துணை. பற்றரியிலிருந்தே வருமாயின் பற்றரியைப் பேணுங்கள். ஏற்கனவே கிக்கர் உள்ள பழைய வண்டியை வைத்திருப்போர், வாரத்தில் ஒரு நாளாவது அதனை உதைத்து எழுப்புங்கள். பாவியாத உறுப்புத் துருவேறி, தேவையான நாளிலே கைவிட்டுவிடும்.

தன் காலில் நிற்றல் நல்லதே. ஆனால் எக்காலில் நிற்கின்றோம் என்பதை அறிந்து நிற்றல் அதனினும் நல்லது.