அவர் கூப்பிட்ட சாட்சிகள்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு ஹார்மனி பாடம் வெறும் கால விரயம் என்று சென்ற இதழில் ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார். நான்கு குரலுக்கு எழுதும் பயிற்சி, செத்துப்போன ஐரோப்பியர்களின் சட்டப் புத்தகமாம். படைப்பாளிக்குக் காது போதுமாம். சந்தேகம் இருந்தால் டெபுஸியையும் பீட்டில்ஸையும் இளையராஜாவையும் பாருங்கள் என்கிறார். பார்த்துவிடுவோம். சாட்சிகளைக் கூப்பிட்டவர் அவர்தானே.

முதலில் டெபுஸி. 'பேரலல் ஃபிஃப்த்' கூடாது என்ற விதியைக் கிழித்துப் போட்ட கலகக்காரர் என்று கட்டுரையாளர் உருகுகிறார். அந்தக் கலகக்காரர் 1872இல், பத்து வயதில், பாரிஸ் கன்சர்வடோரியில் சேர்ந்தவர். பத்தாண்டுக்கு மேல் அங்கே படித்து, 1884இல் 'ப்ரீ த ரோம்' பரிசை வாங்கினார். அந்தப் போட்டியில் முதல் சுற்றைத் தாண்டவே ஃப்யூக் எழுதியாக வேண்டும். காதை மட்டும் நம்பிப் போனவர் அந்த வாசலிலேயே திரும்பியிருப்பார்.

அந்த விதி என்ன சொல்கிறது என்று கட்டுரையாளர் ஒரு வரிகூட எழுதவில்லை. நான் எழுதுகிறேன். பேஸ் குரல் சி-யில், சோப்ரானோ அதற்கு மேலே ஜி-யில். இரண்டும் சேர்ந்தாற்போல் ஒரு படி ஏறி டி, ஏ என்று நிற்கட்டும். கீபோர்டில் வாசித்துப் பாருங்கள். அதுவரை இரண்டு பேர் பாடிக்கொண்டிருந்தார்கள். சட்டென்று ஒரே ஆள் சற்றுத் தடித்த குரலில் பாடுவதாகக் கேட்கும். நான்கு குரலும் தனித்தனியே நடக்க வேண்டிய பாக் கொராலில் இப்படி ஒரு குரல் தொலைந்தால் அது ஓட்டை. டெபுஸி 1910இல் வெளியிட்ட பியானோ பிரிலூடு ஒன்று கடலில் மூழ்கிய தேவாலயத்தைப் பற்றியது. குரல்கள் கரைந்து மணியோசையாகத் திரள வேண்டும் என்பதே அங்கே அவருக்குத் தேவை. ஆகவே கார்டுகளை அப்படியே இணையாக நகர்த்துகிறார். குரல் கரையும் என்று தெரிந்துதான் வாத்தியார் தடுத்தார். அதே விஷயம் தெரிந்துதான் மாணவர் மீறினார். ஐயா, அந்த வகுப்பில் சொல்லித்தருவதே இதைத்தான்.

அடுத்து அவருடைய நகைச்சுவை. ஒரே கட்டைக்கு எஃப் ஷார்ப், ஜி ஃப்ளாட் என்று இரண்டு பெயர் வைத்துக்கொண்டு மார்க்கைக் குறைக்கிறார்களாம். சிரிப்பதற்கு முன் ஏ ஃப்ளாட், சி, இ ஃப்ளாட், எஃப் ஷார்ப் நான்கையும் சேர்த்து அழுத்தட்டும். சி மைனரில் இதற்கு ஜெர்மன் சிக்ஸ்த் என்று பெயர். ஏ ஃப்ளாட் ஒரு செமிடோன் இறங்கும், எஃப் ஷார்ப் ஒரு செமிடோன் ஏறும், இரண்டும் ஜி-யில் வந்து சேரும். விரலை எடுக்காமல் அந்த எஃப் ஷார்ப்பை ஜி ஃப்ளாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இது டி ஃப்ளாட் மேஜரின் டாமினன்ட் செவன்த். ஏறத் துடித்த அதே ஸ்வரம் எஃப்-புக்கு இறங்கப் பார்க்கும். கேட்பவர் உணர்வதற்குள் பாட்டு வேறொரு ஸ்கேலுக்குப் போய்விடும். அந்த மார்க் எதற்குக் குறைந்தது என்று இப்போதாவது புரிகிறதா?

பீட்டில்ஸ் விஷயம் சுருக்கமாக. பால் மெக்கார்ட்னிக்கு நோட்டேஷன் படிக்கத் தெரியாது, உண்மை. 1965இல் 'யெஸ்டர்டே' பாட்டின் ஸ்ட்ரிங் குவார்டெட்டைத் தாளில் எழுதி உருவாக்கியவர் லண்டன் கில்ட்ஹாலில் படித்த ஜார்ஜ் மார்ட்டின். நான்கு வாத்தியம், நான்கு குரல். கட்டுரையாளர் குப்பையில் போடச் சொல்கிற அதே பாடம். பக்கத்தில் ஒரு ஜார்ஜ் மார்ட்டின் இருந்தால் படிக்க வேண்டாம் என்று நானும் சொல்வேன். நம் மாணவர்களுக்கு அவரை யார் அனுப்பிவைப்பது? இளையராஜாவுக்கும் பண்ணைபுரத்து மண்ணும் காதும் மட்டுமே போதும் என்றால், சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றது எதற்கு? அவர் அதை ஒளித்ததும் இல்லை.

படித்தால் ஊற்று வற்றிவிடும் என்ற பூச்சாண்டியும் கட்டுரையில் உண்டு. ஷூபர்ட் அறுநூறுக்கு மேல் பாடல்கள் எழுதியவர். 1828 நவம்பரில், 31 வயதில், உடம்பு சரியில்லாத நிலையிலும் கவுண்டர்பாயின்ட் கற்க வேண்டும் என்று சைமன் செக்டரிடம் போனார். அந்த மாதமே இறந்தும் போனார். அவருக்குப் போதாதது நம் கட்டுரையாளருக்கு மட்டும் தாராளமாகப் போதுகிறது.

பாடாமல், வாசிக்காமல், தாளில் கட்டம் நிரப்புவதுபோல் நான்கு குரலை நிரப்பிப் பாஸாகும் வழக்கம் பல வகுப்புகளில் இருக்கத்தான் செய்கிறது. அதைத் திட்டியிருந்தால் நானும் கூடச் சேர்ந்து திட்டியிருப்பேன். அவர் பாடத்தையே திட்டுகிறார். அடுத்த கட்டுரைக்கு உட்காருமுன் பாக் கொரால் ஒன்றை எடுத்து, மற்ற மூன்று குரலையும் யாரையாவது வாசிக்கச் சொல்லி, டெனர் வரியை மட்டும் அவர் பாடிப் பார்க்கட்டும்.