கலாசாலைக்கு ஒரு பிடி அரிசி

ஒவ்வொரு வருஷமும் பரீட்சை முடிவுகள் வெளியாகிக் கலாசாலைகள் திறக்கும் தறுவாயில், எத்தனையோ குடும்பத் தலைவர்கள் அடகுக் கடைப் படியேறுவதைக் காண்கிறோம். பிள்ளை தேறிவிட்டான் என்ற மகிழ்ச்சி தகப்பனாருக்கு ஒரு நாள்தான். மறுநாளே சம்பளம் கட்டப் பணத்துக்கு எங்கே போவது என்ற கவலை பற்றிக்கொள்கிறது. தாயாரின் கைவளை வட்டிக்குப் போகிறது. அதுவும் போதாவிடில், வீட்டில் பெண்ணின் படிப்பே முதலில் நிறுத்தப்படுகிறது. இந்த அநீதி வறுமை ஒன்றினால் மட்டும் விளைவதன்று. முன்யோசனை இன்மையாலும் விளைகிறது என்பதே நமது அபிப்பிராயம்.

பெண் பிறந்த வருஷத்திலேயே அவள் விவாகத்துக்கு நகை சேர்க்கத் தொடங்கும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். விவாகத்துக்கு இருபது வருஷத்து ஏற்பாடு. கல்விக்கோ இருபது நாள் ஏற்பாடும் இல்லை. சேமிக்கும் பழக்கம் தமிழருக்குப் புதிதன்று. சேமிப்பின் நோக்கம்தான் மாறவேண்டும்.

இதற்கு வழிகாட்டியாக விருதுநகரின் சரித்திரம் ஒன்றை எடுத்துக்காட்டுவோம். அந்நகரில் க்ஷத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் ஒதுக்கிவைத்த பிடி அரிசியைக்கொண்டு நடந்துவந்தது. மிஞ்சியதை அவர்கள் கொடுக்கவில்லை. உலையில் இடுமுன்பே ஒரு பிடியை எடுத்து வைத்தார்கள். ஸ்ரீ காமராஜர் பயின்றது அப்பள்ளியிலேதான். இளம் வயதில் தந்தையை இழந்த அவர், படிப்பைப் பாதியில் விட நேர்ந்தது. 1954-ல் முதன்மந்திரியாகிப் பல்லாயிரம் ஏழைச் சிறுவர்களுக்குப் பள்ளிக்கதவைத் திறந்துவிட்டவரின் சொந்தப் படிப்பு, குடும்பத்தில் சம்பாதிப்பவர் மறைந்தபின் பாதியில் நின்றுபோயிற்று. இதில் அடங்கிய பாடம் இரண்டு: செலவுக்கு முன் ஒதுக்குவதே சேமிப்பு, சம்பாதிப்பவர் இருக்கும்போதே அதைத் தொடங்கவேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். மாதம் 1,000 ரூபாய் வீதம் 15 வருஷம் ஒதுக்கினால் கைப்பணம் 1,80,000 ரூபாய். நூற்றுக்கு 8 ரூபாய் வருஷ வட்டி கிடைக்குமானால், வட்டிக்கு வட்டி சேர்ந்து அது 3,25,000 ரூபாய்க்கு மேலாகும். மேலும் 3 வருஷம் தொடாமல் விட்டால் 4 லட்சத்தைத் தாண்டும். குழந்தை பிறந்தபோது தொடங்கியவருக்கு, பிள்ளை கலாசாலை வாயிலில் நிற்கும்போது இது கைக்கு வரும். பத்து வயதுக்குமேல் விழித்துக்கொள்பவருக்குக் காலமென்னும் கூட்டாளி இல்லை. வட்டி விகிதம் அவ்வப்போது மாறக்கூடும். காலத்தின் பலன் மாறாது.

இடம் தேடி அலையவும் வேண்டியதில்லை. 1882 முதல் இந்நாட்டில் தபாலாபீஸ் சேமிப்பு பாங்கு உண்டு. பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தையின் பேரால் 2015-ல் ஏற்பட்ட செல்வமகள் திட்டத்தில், வருஷத்துக்கு 250 ரூபாய் கட்டினாலும் கணக்கு உயிரோடிருக்கும். பெண் 18 வயதடைந்ததும், அல்லது பத்தாம் வகுப்புத் தேறியதும், மேற்படிப்புக்காக இருப்பில் பாதிவரை எடுக்கலாம். ஆண் குழந்தைக்கு 15 வருஷத்துப் பொது வருங்கால வைப்பு நிதி இருக்கிறது. அதிக வட்டி ஆசைகாட்டும் பதிவில்லாச் சீட்டுக் கம்பெனிகளில் பிள்ளையின் எதிர்காலத்தைப் பணயம் வைக்கவேண்டாம்.

பாங்குகள் கல்விக்கடன் தருகின்றனவே என்பர் சிலர். அது நல்ல உதவிதான். ஆயினும் உத்தியோகம் கிடைக்குமுன்பே வட்டி வளரத் தொடங்கிவிடுகிறது. சேமிப்பில் நமக்காக உழைக்கும் வட்டி, கடனில் நம்மை உழைக்கச் செய்கிறது. கடன் குறையை நிரப்பட்டும். அஸ்திவாரம் நம் சேமிப்பாயிருக்கட்டும்.

அன்றாடக் கூலியில் அரைவயிறு உண்பவரைப் பார்த்து 'சேமி' என்பது கொடுமை என்பதை நாம் அறிவோம். அவர்தம் மக்களுக்குக் கல்வியளிப்பது ஸர்க்காரின் கடமை. ஸர்க்கார் பள்ளிகளில் படித்துக் கலாசாலை சேரும் பெண்களுக்கு 2022 முதலும், ஆண்களுக்கு 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் அளிக்கத் தமிழக ஸர்க்கார் முன்வந்தது அக்கடமையை உணர்ந்ததற்கு அறிகுறி. குடும்பங்கள் சேமிக்கின்றன என்பதைச் சாக்காக வைத்து எந்த ஸர்க்காரும் கலாசாலைச் சம்பளத்தை உயர்த்த நாம் சம்மதியோம். ஆனால் ஸர்க்காரின் கடமையைச் சாக்காக வைத்து, சக்தியுள்ள தகப்பன் தன் கடமையைக் கைவிடுவதும் தகாது.

மேடைகளில் கல்வியுரிமை பேசும் தேச ஊழியர்களுக்கு ஒரு விண்ணப்பம். முதலில் உங்கள் வீட்டில் மகனுக்கும் மகளுக்கும் சமமாகக் கணக்குத் தொடங்குங்கள். பிறகு உங்கள் தெருவில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தொடங்கச் செய்யுங்கள். பத்து வீடுகளைத் தபாலாபீஸுக்கு அழைத்துச் செல்லும் ஊழியர், பத்துப் பிரசங்கங்களிலும் மேலான தேசத்தொண்டு செய்தவராவார். அன்று விருதுநகர்த் தாய்மார்கள் ஊர்ப்பிள்ளைகளுக்காக ஒரு பிடி எடுத்து வைத்தார்கள். நம் சொந்தப் பிள்ளைகளுக்காக அதை நாம் செய்யலாகாதா?