குட்டி நாட்டுக்கு எதுக்குங்க எலெக்‌ஷன்?

காலை நடை முடிந்து மார்க்கெட் பக்கம் டீ குடிப்பது ஓய்வு பெற்றதிலிருந்து என் வழக்கம். நேற்று பேச்சு இலங்கை பற்றித் திரும்பியது. கமிஷன் கடைத் தம்பி ஒருவர் சொன்னார்: "குட்டி நாட்டுக்கெல்லாம் எலெக்‌ஷன் எதுக்குங்க சார்? ஒருத்தர் கையில கொடுத்திருந்தா 2022ல திவாலாகியிருக்குமா?"

அங்கே எனக்கு வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

ஒருத்தர் கையில் கொடுத்துத்தான் பார்த்தார்களே! 2020 அக்டோபரில் அரசியல் சட்டத்தைத் திருத்தி, பாராளுமன்றத்திடமிருந்த கடிவாளத்தை அதிபர் கோத்தபயவிடம் கொடுத்தார்கள். 2021ல் அவர் ரசாயன உரத்துக்குத் திடீரென்று தடை போட்டார். யூரியா ஒரு வாரம் தாமதமானாலே ஒட்டன்சத்திரம் விவசாயி என்ன பேசுவார் என்று தம்பிக்குத் தெரியாதா? அங்கே நெல்லும் தேயிலையும் விழுந்தன. ஏற்கெனவே வரியை வேறு குறைத்து கஜானாவைக் காயவைத்திருந்தார். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள்.

அந்தக் குட்டி நாட்டில் 1931லேயே வயது வந்த ஆண், பெண் எல்லோருக்கும் ஓட்டு என்று வந்துவிட்டது. அப்போது இங்கே சொத்து, படிப்பு உள்ளவர்களுக்குத்தான். பணக்கார சுவிட்சர்லாந்துப் பெண்களோ தேசியத் தேர்தலில் ஓட்டுப் போட 1971 வரை காத்திருந்தார்கள். 1976ல் அணிசேரா நாடுகளின் தலைவர்கள் கொழும்பில்தான் கூடினார்கள். சின்ன நாடு என்று யாரும் ஓரங்கட்டவில்லை.

ஓட்டைப் பறித்த இடத்தில்தான் அந்த நாடு தலைகுனிந்தது. 1948 குடியுரிமைச் சட்டம், தேயிலை பறித்து அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த தோட்டத் தமிழர் ஏறக்குறைய ஏழு லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. மறு ஆண்டே ஓட்டும் போனது. 1964ல் சாஸ்திரியும் சிறிமாவோவும், 5,25,000 பேர் உங்களுக்கு, 3,00,000 பேர் எங்களுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். தக்காளிப் பெட்டியைக்கூட விவசாயியைக் கேட்டுத்தானய்யா பிரிக்கிறோம்! கையெழுத்துப் போட்டதில் நமக்கும் பாதிப் பங்கு உண்டு, அதை மறைக்க வேண்டாம்.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் அப்படித் தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்தவர். அங்கே அவருக்குக் 'கள்ளத்தோணி' என்று பெயர், இங்கே 'சிலோன்காரன்'.

2022 ஜூலையில் மக்கள் மாளிகைக்குள் புகுந்தார்கள், அதிபர் ஓடினார். ராணுவம் நாற்காலியில் ஏறவில்லை. 2024 செப்டம்பரில் ஓட்டுப் போட்டே ஆட்சியை மாற்றினார்கள்.

நண்பரின் அக்கா ஹட்டனிலேயே தங்கிவிட்டவர். அன்று மை வைத்த விரலைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். அந்தப் படம் என் போனிலும் இருக்கிறது. நாளை டீக்கடையில் தம்பியிடம் காட்ட வேண்டும்.