இ.ஏ. பாரம் வரவில்லை என்று பிள்ளையை நிறுத்தாதீர்!

எஸ்.டி.பி.எம். பரீட்சையில் பிள்ளைக்கு நல்ல தேர்ச்சி. சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்துவிட்டது. உதவிப் பணத்துக்கு மனுச் செய்யப் போனால்தான், "அப்பாவின் வருமானக் கணக்கு எங்கே?" என்று கேட்கிறார்கள். அப்பா தோட்டத்து ஆபீசுக்கு நடக்கிறார். "அடுத்த வாரம் வா" என்கிறார் கிராணி. அடுத்த வாரமும் அதே பதில். மனுவுக்குக் குறித்த தேதியோ யாருக்காகவும் நிற்பதில்லை.

"நாம எங்கய்யா டேக்ஸ் கட்டுறோம்? நமக்கு எதுக்கு அந்தக் கடுதாசி?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. கேள்வி நியாயமானதுதான். சேமநிதி கழித்து ஆண்டுக்கு 34,000 வெள்ளிக்கு மேல் சம்பாதிப்பவரே வரிக் கணக்குத் திறக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளப்படி ஆண்டுக்கு 20,400 வெள்ளிதான் வருகிறது. ஆகவே பால் வெட்டுபவரும் செம்பனைக் குலை வெட்டுபவரும் பெரும்பாலும் வரி கட்டத் தேவையில்லை. ஆனால் உதவி கொடுக்கும் இடத்தில் பார்ப்பது வருமானத்தை. குறைந்த சம்பளம் என்று வாயால் சொன்னால் போதாது, தாளில் இருக்க வேண்டும்.

அந்தத் தாள்தான் இ.ஏ. பாரம். வரி கட்டாத தொழிலாளிக்கும் அது உண்டு. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி கடைசி நாளுக்குள் முதலாளி அதைக் கொடுத்தாக வேண்டும் என்கிறது 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். தவறினால் 200 வெள்ளி முதல் 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நம்மவர்கள் இதைப் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு கேட்கிறார்களே, அதுதான் வேதனை! தோட்ட நிர்வாகங்களுக்கும் ஒன்று சொல்லுவோம்: ஒரு கையெழுத்துக்கு நீங்கள் போடும் தவணை, ஒரு பிள்ளைக்கு ஒரு வருடப் படிப்பு.

சரி, பாரம் தாமதமாகிவிட்டது. அதற்காகச் சும்மா உட்கார்ந்திருக்கலாமா? கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளை எடுத்து வையுங்கள். நிர்வாகியின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள சம்பள உறுதிக் கடிதம் கேளுங்கள். சேமநிதிக் கணக்கறிக்கையும் கைகொடுக்கும். 1,700 வெள்ளிச் சம்பளத்துக்குத் தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி. அதைப் பார்த்தாலே சம்பளம் தெரிந்துவிடும். அரசாங்கத்தின் எஸ்.டி.ஆர். உதவி பெறும் குடும்பமாக இருந்தால் அதையும் மறக்காமல் மனுவில் காட்டுங்கள்.

கண்டிராக்டில் வேலை செய்வோர் பாடுதான் திண்டாட்டம். இன்று கூலிமில் வேலை, நாளை பாலிங்கில். கையில் சீட்டே இருக்காது. இவர்கள் பெங்ஹுலுவிடமோ கிராமத் தலைவரிடமோ வருமான உறுதிக் கடிதம் பெறலாம். சத்தியப் பிரமாண ஆணையர் முன் எழுதிக் கையெழுத்திடும் வழியும் உண்டு. எதை ஏற்பார்கள் என்பது மனுப் பாரத்திலேயே இருக்கும், பிள்ளையைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஆனால் கூடுதல் பணம் கிடைக்குமென்று பொய்க் கணக்கு எழுதாதீர்கள். பொய்ச் சத்தியம் குற்றம். வம்பில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

முக்கியமாக, தேதிக்கு முன்பே இருக்கிற தாள்களோடு மனுவைக் கொடுத்து, "இ.ஏ. பாரம் பின்னால் வரும்" என்று எழுத்தில் சொல்லி, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள். 1997-இல் அமைந்த பி.டி.பி.டி.என். தருவது கடன், திருப்பிக் கட்ட வேண்டியது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

சங்கக் கிளைச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரிச் சம்பள நாளன்றே, மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளைப் பட்டியல் எடுத்து, அவர்கள் பாரங்களை முதலில் முடித்துத் தரும்படி ஆபீசில் கொடுங்கள். தனித்தனியாகப் பத்துப் பேர் போய் நிற்பதைவிட, பத்துப் பெயர் உள்ள ஒரு தாளுக்குக் கிராணி சீக்கிரம் பதில் சொல்வார்.