அப்ரண்டிஸ் வருஷம் வீண் போவதில்லை

பி.காம். முடித்த பையன் வீட்டில் இருந்தால் பண்ருட்டியில் அவனுக்கு மூன்று வழி சொல்வார்கள். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படி, சென்னைக்கு வண்டி ஏறு, இல்லையா, பலா மண்டியிலோ முந்திரிக் கம்பெனியிலோ கணக்கு எழுது. "நெய்வேலியில அப்ரண்டிஸ் கூப்பிட்டிருக்காங்க, பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ் பக்கம் போட்டா தொழில் பழகலாம்" என்று அவனே வாயைத் திறந்தால், வீட்டுக்கு வந்த மாமா முதல் டீக்கடைக்காரர் வரை ஒரே பதில்: "ஒரு வருஷம் எடுபிடி வேலை வாங்கிக்கிட்டு, கையில ஒரு காகிதத்தைக் குடுத்து வெளிய அனுப்பிடுவான். அந்த நேரத்துல வேற எதையாவது பாருடா."

இந்தப் பேச்சைக் கேட்டு விண்ணப்பமே போடாமல் நின்றுவிட்ட பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே உண்டு. நான் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் அப்ரண்டிஸாக நுழைந்து, பிறகு 28 வருஷம் கொள்முதல் பிரிவிலேயே இருந்து ஓய்வு பெற்றவன். அந்தப் பிள்ளைகளுக்காகவே, ஊரில் சொல்லப்படும் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுகிறேன்.

முதல் குற்றச்சாட்டு, முடிந்ததும் வேலை தர மாட்டார்கள் என்பது. இதில் உண்மை உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் 22ஆம் பிரிவு, பயிற்சி கொடுத்த நிறுவனம் வேலையும் கொடுத்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. 2014 திருத்தத்தில், பயிற்சி முடித்தவர்களை எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று சேர்த்தார்கள், அவ்வளவுதான். உத்தரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றது. முன்னுரிமை வேறு, உத்தரவாதம் வேறு. நெய்வேலியில் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள் கேட்கும் நிரந்தர வேலைக்கும் இதை ஈடாகக் காட்ட முடியாது. அந்தக் கணக்கு தனி, அதை யாரும் இந்த ஒரு வருஷத்தால் அடைக்கப் பார்க்கக் கூடாது.

ஆனால் வேலை கிடைக்கவில்லை என்பதால் அந்த வருஷமே வீண் என்று முடிவு கட்டுகிறார்களே, அங்கேதான் தவறு. பர்ச்சேஸுக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் நான் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். வழக்கமாக ஒரு கேள்வி கேட்பேன். ஒருவர் 100 ரூபாய் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார், இன்னொருவர் 104. எது குறைவு? படித்துவிட்டு நேராக வந்த பிள்ளை சட்டென்று 100 என்பான். ஒரு வருஷம் விலைகளை ஒப்பிடும் கம்பேரிட்டிவ் ஸ்டேட்மென்ட் எழுதிப் பழகியவன் பதில் சொல்ல மாட்டான், திருப்பிக் கேட்பான்: "சார், ரெண்டும் எக்ஸ்-வொர்க்ஸா, நம்ம கேட்ல டெலிவரியா? பேக்கிங் சேர்த்தா? பணம் முன்னாடியே கேட்கிறாங்களா?" அந்த 104 நம் வாசலில் இறக்கித் தரும் விலையாக இருந்து, 100 கோயம்புத்தூரில் அவர்கள் கம்பெனி வாசலில் எடுத்துக்கொள்ளும் விலையாக இருந்தால் கணக்கே தலைகீழ். அப்படித் திருப்பிக் கேட்டவர்களைத்தான் எடுத்திருக்கிறோம். கடலூர் சிப்காட், சேதராப்பட்டு, ஒரகடம் என்று எங்கே போனாலும் பர்ச்சேஸ் மேசையில் இந்தக் கேள்விதான் காத்திருக்கிறது. பயிற்சி கொடுத்த இடத்தில் நாற்காலி இல்லாவிட்டாலும் கற்றது கூடவே வரும்.

எடுபிடி வேலை என்று சொல்வதும் முழுப் பொய் இல்லை. என்னை முதல் இரண்டு மாதம் ஃபைல் தூக்கவும் ஜெராக்ஸ் எடுக்கவும்தான் வைத்திருந்தார்கள். அப்போது எனக்குக் கேட்கத் தெரியவில்லை, இப்போது உள்ளவர்கள் கேட்க வேண்டும். சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு அப்ரண்டிஸின் பயிற்சி முன்னேற்றத்தையும் நிறுவனம் பதிவு செய்து வைத்தாக வேண்டும். தகராறு என்றால் 20ஆம் பிரிவுப்படி அப்ரண்டிஸ் ஆலோசகரிடம் போகலாம். பட்டதாரி, டிப்ளமோ அப்ரண்டிஸ்களுக்குத் தென்மாநிலங்கள் முழுவதற்குமான பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. சேர்ந்த முதல் வாரத்திலேயே "எனக்கு எந்தெந்த செக்‌ஷனில் எத்தனை வாரம்?" என்று மரியாதையாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளும் பிள்ளையை யாரும் சும்மா டீ வாங்க அனுப்புவதில்லை.

அடுத்து, "பர்ச்சேஸ் எல்லாம் எம்.பி.ஏ. படிச்சவன், இன்ஜினியர் பார்க்கிற வேலை" என்பது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். ஏனென்றால் இதைச் சொல்பவர்கள் பண்ருட்டிக்காரர்கள்.

காடாம்புலியூர்ப் பக்கம் ஒரு முந்திரிக் கம்பெனிக்கு ஆப்பிரிக்கக் கொட்டை லோடு வந்து இறங்கும்போது போய்ப் பாருங்கள். முதலாளி மூட்டைகளில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குத்தி எடுத்த கொட்டையைக் கலந்து ஒரு கிலோ நிறுக்கிறார். எத்தனை கொட்டை என்று எண்ணுகிறார்கள். பிறகு ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டி நல்ல பருப்பு, புள்ளி விழுந்தது, சுருங்கியது, அழுகியது என்று பிரித்து வைக்கிறார்கள். நல்லதை முழுதாகவும் புள்ளிப் பருப்பைப் பாதியாகவும் கணக்கில் எடுத்து நிறுத்தால் 272 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 80 கிலோ மூட்டைக்கு 48 பவுண்டு பருப்பு. உலகம் முழுக்க முந்திரிக் கொட்டை வியாபாரம் இந்த அவுட்டர்ன் கணக்கில்தான் நடக்கிறது. விற்பவர் 48 என்று சொல்லி, வெட்டிப் பார்த்ததில் 45 என்று வந்தால் மூட்டைக்கு ஒரு கிலோ 360 கிராம் பருப்பு குறையும். 200 மூட்டைக்கு 272 கிலோ. அந்தப் பருப்பின் விலையை லோடின் விலையில் கழித்துப் பேசத் தெரிந்தவர்தான் அந்தத் தொழிலில் நிற்கிறார்.

மாதிரி எடுப்பது, சோதிப்பது, ஒப்புக்கொண்ட தரத்தோடு ஒத்துப் பார்ப்பது, குறைந்ததற்கு விலையைக் குறைப்பது: கொள்முதல் பாடப் புத்தகத்தில் இருக்கும் அத்தனையும் இதில் இருக்கிறது. அந்த முதலாளியோ கட்டிங் டெஸ்ட் எனப்படும் இந்தச் சோதனையை எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. அப்பாவோ மாமாவோ வெட்டும்போது பக்கத்தில் நின்று கற்றார். பலா மண்டியில் பழத்தைத் தட்டிப் பார்த்துச் சத்தத்திலேயே பக்குவம் சொல்கிறவரும் அப்படித்தான். வேலை நடக்கும் இடத்தில் நின்று வாங்கக் கற்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. அதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, மாதாமாதம் உதவித்தொகையும் கடைசியில் சான்றிதழும் கொடுத்தால் அதற்குப் பெயர் அப்ரண்டிஸ். ஜெர்மனியில் தொழிற்சாலை வணிகப் பணிக்கு வருகிறவர்கள் மூன்று வருஷம் நிறுவனத்திலும் பள்ளியிலுமாக மாறிமாறிப் படிக்கிறார்கள். கொள்முதல் மேசையும் அந்தச் சுற்றில் ஒன்று. அங்கே அதை யாரும் குறைவாக நினைப்பதில்லை.

இயந்திரப் பொருள் என்றால் இன்ஜினியர்தானே வேண்டும் என்று கேட்கலாம். என் கையால் நடந்த ஒரு தவறைச் சொல்கிறேன். பம்ப் மோட்டாருக்கு 6312 பேரிங் 20 வேண்டும் என்று இண்டென்ட் வந்தது. எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம், அதாவது 60 மில்லிமீட்டர் என்று அதற்குள் தெரிந்து வைத்திருந்தேன், அதிலேயே பெருமை. எண்ணுக்குப் பின்னால் சி3 என்று ஒரு குறி இருந்தது. தட்டச்சில் அதை விட்டுவிட்டேன். வந்த பேரிங்கின் அளவு சரியாக இருந்தது, பெட்டியும் புதிது, விலையும் குறைவு. சி3 என்பது உள்ளே குண்டுகளுக்கு வைக்கும் கூடுதல் இடைவெளி. மோட்டார் சூடேறி உலோகம் விரியும்போது அந்த இடைவெளி இல்லாவிட்டால் பேரிங் இறுகும். இரண்டு மோட்டார்கள் ஒரு வாரத்தில் கத்த ஆரம்பித்தன. பராமரிப்புப் பிரிவின் ஃபோர்மேன் என்னைத் திட்டவில்லை. பழுதான பேரிங்கைத் துணியில் சுற்றி என் மேசையில் வைத்து, "தம்பி, இதைக் கையில சுத்திப் பாரு" என்றார். சொரசொரவென்று நின்று நின்று சுழன்றது. வகுப்பறை எனக்குக் கொடுக்காத பாடம் அந்தச் சுழற்சியில் இருந்தது. மீதி பேரிங்குகளைத் திருப்பி அனுப்பக் கடிதம் எழுதியதும் நான்தான்.

நெய்வேலியை நினைத்துப் பாருங்கள். பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். அங்கே ஒரு பம்புக்கு வாங்கும் உதிரி பாகத்தில் ஓர் எழுத்து விட்டுப்போனால் என்ன ஆகும் என்று ஸ்டோர்ஸில் நின்ற பி.காம். பையனுக்கும் புரியும். இன்ஜினியரிடம் கேட்டுத் தெளியவும் அவனுக்கு வாய் வரும்.

நான்காவது பேச்சு இப்போது புதிதாகக் கிளம்பியிருக்கிறது: "எல்லாம் ஆன்லைன் ஆயிடுச்சு, கம்ப்யூட்டரே வாங்கிடும்." 2016இல் மத்திய அரசின் ஜெம் கொள்முதல் தளம் வந்தது. 2017 பொது நிதி விதிகளின் 149ஆம் விதி, அங்கே கிடைக்கும் பொருளை அரசுத் துறைகள் அங்கேதான் வாங்க வேண்டும் என்றது. பொதுத்துறை நிறுவனங்களும் அதற்குள் வந்துவிட்டன. இதனால் காகிதம் குறைந்தது உண்மை. ஆனால் எதை வாங்குவது என்று தளத்துக்கு மனிதர்தானே சொல்ல வேண்டும்? நான் அன்றைக்கு விட்ட சி3ஐ இன்றைக்கு ஒருவர் தளத்தில் விட்டாலும், அது ஆகக் குறைந்த விலைக்காரரைக் கொண்டுவந்து நிறுத்தும். வந்த பொருளைப் பிரித்துப் பார்த்து, சலானோடு ஒத்து, ஏற்பதா தள்ளுவதா என்று ரசீதில் கையெழுத்துப் போடுவது ஸ்டோர்ஸ் வாசலில் நடக்கிற வேலை.

இதில் யாரும் பேசாத ஒரு பக்கம், விற்பவரின் பக்கம். 2012ஆம் ஆண்டின் கொள்முதல் கொள்கைப்படி மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் வருடக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 4 சதவீதம் பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோருக்கு, 3 சதவீதம் பெண்களுக்கு. குறைந்த விலைக்காரர் சிறு நிறுவனமாக இல்லாதபோது, அவரைவிட 15 சதவீதத்துக்குள் அதிகம் கேட்ட சிறு நிறுவனம், அந்த விலைக்கு இறங்கி வந்தால் ஒரு பங்கு ஆர்டர் பெறலாம். பொருளை ஏற்றுக்கொண்டால் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது சிறு நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டின் சட்டம். எங்கள் பக்கத்து லேத் பட்டறைக்காரர்களில் பலருக்கு இந்த உரிமைகள் இருப்பதே தெரியாது, தெரிந்தவர்களுக்கும் டெண்டர் ஆவணத்தைப் படித்து நிரப்ப ஆள் இல்லை. வாங்கும் மேசையில் ஒரு வருஷம் இருந்த பிள்ளைக்கு எந்த இணைப்பு விட்டுப்போனால் டெண்டர் தள்ளுபடியாகும் என்று தெரியும். பெரிய நிறுவனம் எடுக்காவிட்டாலும் அவனைத் தேடி இந்தப் பட்டறைகள் வரும்.

"பர்ச்சேஸ்னா கமிஷன் அடிக்கிற இடம், நல்ல குடும்பத்துப் புள்ளைக்கு எதுக்கு?" என்றும் கேட்கிறார்கள். கை நீட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். லஞ்சத்தைத் தடுக்கும் வழி தேட 1962இல் அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைவராக இருந்தவர் நம் தமிழர் கே. சந்தானம். அதன் பரிந்துரையில்தான் 1964இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் வந்தது. நான் பயிற்சியில் இருந்த முதல் தீபாவளிக்கு ஒரு சப்ளையர் இனிப்புப் பெட்டி கொடுத்துவிட்டுப் போனார், உள்ளே ஒரு கவர். என் ஸ்டோர்ஸ் அதிகாரி என்னையும் கூட்டிக்கொண்டு கேட் வரைக்கும் நடந்து, அவரைக் கூப்பிட்டு நிறுத்தி, பெட்டியோடு திருப்பிக் கொடுத்தார். திரும்பி வரும்போது ஒன்றும் பேசவில்லை. எனக்கு அப்போது 21 வயது. அதற்குப் பிறகு வந்த எந்தக் கவரையும் திருப்பித் தர எனக்கு யோசனை தேவைப்படவில்லை.

உதவித்தொகை குறைவு என்பார்கள். 2019 விதித் திருத்தத்தில் பட்டதாரிக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். அதற்கு மேல் கொடுக்க எந்த நிறுவனத்துக்கும் தடையில்லை. வெளியூரில் அறை எடுத்துத் தங்கினால் இது பற்றாது, ஒப்புக்கொள்கிறேன். பண்ருட்டியிலிருந்து பஸ் ஏறி நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்குகிறவனுக்கு வீட்டுச் சாப்பாடு இருக்கிறது.

கடைசியாக ஒன்று, பெண் பிள்ளைகளைப் பற்றியது. "ஸ்டோர்ஸ்ல இரும்புச் சாமான், லாரிக்காரன்னு இருக்கும், பொண்ணுக்கு ஒத்து வராது." எங்கள் தெருவில் முந்திரிக் கம்பெனியில் தரம் பிரிக்கப் போகும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். ஒரு பவுண்டுக்கு 320 பருப்பு வரைக்கும் நிற்பது டபிள்யூ 320, 240 வரைக்கும் நிற்பது டபிள்யூ 240. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நம் கண்ணுக்குத் தெரியாது. அவர்கள் தராசு இல்லாமல், பேசிக்கொண்டே, கை வேகத்தில் பிரித்துப் போடுகிறார்கள். தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் என்று பலகை மாட்டிச் செய்வதும் இதே வேலைதான். அப்படி 15 வருஷமாகப் பருப்புப் பிரிக்கும் ஓர் அம்மாவின் மகள் இந்த வருஷம் பி.காம். முடித்திருக்கிறாள். போன வாரம் என்னிடம் வந்து, "தாத்தா, விண்ணப்பத்துல எந்தப் பிரிவு வேணும்னு கேட்டா ஸ்டோர்ஸ்னு எழுதட்டுமா, பர்ச்சேஸ்னு எழுதட்டுமா?" என்று கேட்டாள். ஸ்டோர்ஸ் என்று எழுதச் சொன்னேன். பொருள் முதலில் வந்து இறங்குவது அங்கேதான்.