சாவியைத் திருப்பியும் ஓடாத புல்வெட்டி

பினாங்கில் புல்லுக்கு ஓய்வுக் காலம் கிடையாது. ஜனவரி, பிப்ரவரியில் வெயில் கொஞ்சம் வாட்டும், செப்டம்பரிலிருந்து மழை கொட்டும். எந்த மாதமானாலும் புல் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். கடற்கரையோரப் பாடாங் கோத்தா லாமா திடல், 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா, பள்ளித் திடல்கள், கோல்ஃப் மைதானங்கள் என்று இந்தத் தீவில் வெட்டித் தீராத புல்வெளி நிறைய உண்டு. தோளில் மாட்டும் மேசின் ஓரங்களுக்கும் மேடுகளுக்கும் சரி. பரந்த திடலுக்கு உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டிதான் வேண்டும். ஒரு காலை அது ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் கேட்கும் வார்த்தை ‘இஞ்சின் போச்சு’ என்பதுதான். அந்த முதல் ஊகம் பெரும்பாலும் தவறு, செலவும் வைக்கும். ஸ்டார்ட் ஆகாத புல்வெட்டியின் கோளாறு அநேகமாக இஞ்சினுக்கு வெளியே, கைக்கெட்டும் இடத்தில், சில வெள்ளிகளில் தீரக்கூடியதாகத்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் அறிவு தினமும் அந்த வண்டியில் உட்காருகிறவரிடம் இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

சாவியைத் திருப்பும்போது வண்டி என்ன சத்தம் போடுகிறது என்று காது கொடுத்துக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். ‘டக் டக் டக்’ என்று வேகமாக அடித்தால் பேட்டரியில் சக்தி போதவில்லை, அல்லது அதன் முனைகள் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு ‘டக்’ சத்தத்தோடு நின்றுவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாரையோ, அதற்கு மின்சாரம் விடும் சோலனாய்டையோ, அவற்றுக்குப் போகும் தடித்த கம்பிகளையோ பார்க்க வேண்டும். ஒரு சத்தமும் இல்லையென்றால் ஃபியூஸ், சாவி சுவிட்ச், பாதுகாப்பு சுவிட்சுகள் ஆகியவற்றில் ஒன்று வழியை அடைத்திருக்கிறது. இஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லை என்றால்தான் பெட்ரோல், தீப்பொறி, காற்று என்ற பக்கம் போக வேண்டும். அப்போதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதுவே சொல்லிவிடும்: நுனி காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பற்றவைக்கத் தீப்பொறி இல்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி நிரம்பிவிட்டது. 12 வோல்ட் பேட்டரி முழுமையாக ஏறியிருந்தால், சும்மா இருக்கும்போது மீட்டரில் 12.6 வோல்ட் அளவுக்குக் காட்டும். 12.2 காட்டினால் பாதிதான் இருக்கிறது என்று பொருள். இவற்றைக் கற்றுக்கொள்ளப் பட்டம் தேவையில்லை. ஒரு பிற்பகல் போதும்.

இந்த ஊரின் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடலோர உப்புக் காற்றும் ஈரமும் பேட்டரி முனைகளை விட்டுவைப்பதில்லை. வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்த ஒரு முனையைத் தொட்டுப் பார்த்தால் கவ்வி இறுக்கமாக இருப்பது போலத்தான் தெரியும். ஆனால் உள்ளே உலோகமும் உலோகமும் தொட்டுக்கொள்ளவில்லை. முதலில் கழித்தல் முனையைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து, உலர்த்தி மாட்டினால் ‘செத்துப்போன’ பேட்டரிகளில் பல உயிர் பெறும். பெட்ரோலும் அப்படித்தான். குளிர்நாடுகளில் அச்சிட்ட கையேடுகள் குளிர்காலத்துக்கு வண்டியை மூடி வைப்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. நமக்குக் குளிர்காலம் இல்லை என்று அந்தப் பக்கங்களை ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் விடாமழையில் திடல் சேறாகி, வண்டி பல வாரம் கொட்டகையில் நின்றால் தொட்டியில் கிடக்கும் பெட்ரோல் கெட்டுப்போகிறது. அது விட்டுச்செல்லும் பிசின், கார்ப்பரேட்டரின் ஊசித்துளை போன்ற வழிகளை அடைத்துவிடும். புதுப் பெட்ரோல் ஊற்றியும் வண்டி எழும்பாததன் காரணம் பல சமயம் இதுதான்.

நான் அதிகம் கவலைப்படுவது பாதுகாப்பு சுவிட்சுகளைப் பற்றி. பிரேக் மிதியை அழுத்தாமல், கத்தியைச் சுழல வைக்கும் விசை அணைந்திராமல் இந்த வண்டிகள் ஸ்டார்ட் ஆகாது. சில மாடல்களில் ஆள் இருக்கையில் இருந்தால்தான் ஸ்டார்ட்டரே சுழலும். கத்தி சுற்றும்போது ஓட்டுநர் எழுந்தால் இஞ்சின் அணைந்துவிடும். இருக்கைக்கு அடியில் இருக்கும் அந்தச் சிறு சுவிட்சின் இணைப்பில் துரு ஏறினாலோ, புல்தூசி அடைத்தாலோ, ஒல்லியான ஒருவர் மேடு பள்ளத்தில் குலுங்கும்போது சுவிட்ச் முழுதாக அழுந்தாவிட்டாலோ ‘இருக்கையில் ஆள் இல்லை’ என்றே வண்டி எடுத்துக்கொள்ளும். இந்த இடத்தில் பலரும் கைவைக்கும் குறுக்குவழி, இணைப்பைப் பிடுங்கி ஒரு துண்டு வயரைச் சொருகிவிடுவது. வண்டி ஓடும். அதோடு கோளாறு தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். இந்த வண்டிகளின் கத்தி நுனிக்கு அனைத்துலகத் தரநிர்ணயம் விதிக்கும் உச்ச வேகம் விநாடிக்கு 96.5 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 350 கிலோமீட்டர். சரிவில் வண்டி சாய்ந்து ஓட்டுநர் கீழே விழும் அந்த நொடியில் கத்தியை நிறுத்துவது இருக்கை சுவிட்ச் ஒன்றுதான். சோதிப்பதற்காக, கத்தியை அணைத்துவிட்டு, தேர்ந்த மெக்கானிக் சில நொடிகள் வயர் வைத்துப் பார்ப்பது வேறு. அப்படியே விட்டு ஆளை ஏற்றி அனுப்புவது வேறு. 1994ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாட்டை வேண்டுமென்றோ கவனக்குறைவாகவோ கெடுப்பதைக் குற்றமாகவே சொல்கிறது. கொட்டகைக்குள் யாரும் பார்க்கவில்லை என்பதால் அது குற்றமில்லை என்று ஆகிவிடாது.

‘ஓட்டுகிறவர் ஓட்டட்டும், பழுது பார்க்க மெக்கானிக் இருக்கிறார், கண்டவர் கைவைத்தால் உத்தரவாதம் போய்விடும்’ என்று முதலாளிகள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. கார்ப்பரேட்டரைப் பிரிப்பதும் மின்சுற்றை மாற்றுவதும் தேர்ந்தவர் வேலை. ஆனால் பேட்டரி முனையைத் துடைப்பது, ஃபியூஸ் பார்ப்பது, பழைய பெட்ரோலை மாற்றுவது, மிதி முழுதாக அழுந்துகிறதா என்று கவனிப்பது போன்றவை பெரும்பாலும் கையேடே பயனர் செய்ய வேண்டியதாகச் சொல்லும் பராமரிப்பு. மெக்கானிக்கைக் கூப்பிடும்போதும், ‘ஓடல’ என்று மட்டும் சொல்வதற்கும் ‘ஒரு தரம் டக்குங்குது, பேட்டரி 12.6 இருக்கு’ என்று சொல்வதற்கும் அரை நாள் வேலை வித்தியாசம். வயர் சொருகும் பழக்கத்துக்கும் மருந்து இதுவே. சுவிட்ச் எதற்காக இருக்கிறது, அதை எப்படிச் சோதிப்பது என்று தெரிந்தவர் புது சுவிட்ச் கேட்பார். தெரியாதவருக்கு வயர்தான் கண்ணில் படும். அன்றைய திடலை அன்றே முடிக்கச் சொல்லி மேலிருந்து நெருக்குகிறவர்களும் இதற்குப் பொறுப்பு ஏற்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு சற்று வலுவானது: இனி வரும் வண்டிகள் மின்னணுக் கட்டுப்பாட்டில் ஓடும், ஓட்டுநர் பார்த்துக் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சாது என்பது. பெரிய விவசாய இயந்திரங்களில் இந்தச் சண்டை ஏற்கெனவே நடக்கிறது. டிராக்டர்களைப் பழுதுபார்க்கத் தேவையான முழு மென்பொருளைத் தன் முகவர்களுக்கு மட்டும் தருகிறது என்று குற்றம்சாட்டி, 2025 ஜனவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் இரண்டு மாநிலங்களுடன் சேர்ந்து ஜான் டியர் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. ஆனால் மின்னணு வண்டியிலும் பேட்டரி முனை பூக்கத்தான் செய்யும், பெட்ரோல் கெடத்தான் செய்யும். அதற்கு மேல் உள்ளதற்குச் சட்டத்தின் துணை வேண்டும். நம் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37வது பிரிவு, பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகங்களும் நியாயமான காலம்வரை கிடைக்க உற்பத்தியாளரும் விற்பவரும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. அதிலேயே ஓர் ஓட்டையும் இருக்கிறது: ‘கிடைக்கும் என்று உறுதி சொல்லமாட்டோம்’ என்று விற்குமுன் முறையாகத் தெரிவித்துவிட்டால் அந்தக் கடமை நீங்கிவிடும். தவிரவும், அச்சட்டம் வீட்டுப் புழக்கத்துக்கான பொருள்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தொழிலுக்காகப் பெரிய வண்டி வாங்கும் ஒப்பந்தக்காரரோ பள்ளி வாரியமோ அதை நம்பி இருக்க முடியாது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பிறந்த ஊரில் இந்த ஓட்டையை அடைக்கக் குரல் எழ வேண்டும்.

அதுவரை, வாங்குகிறவர்கள் தங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். மாநகர் கழகமோ, பள்ளியோ, கோயில் நிர்வாகமோ அடுத்த புல்வெட்டிக்கு விலைப்புள்ளி கேட்கும்போது மூன்றைக் கேட்கட்டும்: இருக்கை சுவிட்சும் சோலனாய்டும் இத்தனை ஆண்டு கிடைக்கும் என்ற எழுத்துறுதி, மின்சுற்றுப் படத்தோடு கூடிய பழுதுபார்க்கும் கையேடு, ஓட்டப்போகிறவருக்கு அவர் பேசும் மொழியில் அரை நாள் பயிற்சி. ஓட்டுகிறவர் தமிழராகவும் இருக்கலாம், வங்கதேசத்திலிருந்தோ நேப்பாளத்திலிருந்தோ வந்தவராகவும் இருக்கலாம். ஆங்கிலக் கையேடு அலுவலக அலமாரியில் கிடந்தால் இவர்களில் யாருக்கும் பயனில்லை. சத்தத்துக்கு ஏற்ப எதை முதலில் பார்ப்பது என்று ஒரே தாளில் படம் வரைந்து, நெகிழி உறையிட்டுக் கொட்டகைச் சுவரில் ஒட்டலாம். பக்கத்தில் ஓர் ஆணியில் மீட்டரும் கம்பித் தூரிகையும் தொங்கட்டும். இரண்டும் சேர்ந்து நூறு வெள்ளியைத் தாண்டாது.