அண்டை வீட்டார் பகைவர் அல்லர்

2023 அக்டோபரில் ஹமாஸ் தாக்குதலோடு மூண்ட காசா போர் பல்லாயிரம் அப்பாவிகளைப் பலிகொண்டது. அதைக் காட்டி, முஸ்லிமும் யூதரும் பிறவிப் பகைவர்கள் என்று நம் குடியிருப்புகளிலும் சிலர் பேசுகிறார்கள். இது பொய் என்கிறோம்.

கல்கத்தாவைப் பாருங்கள். அங்கே யூதர்களின் தொழுகைக் கூடங்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருபவர்கள், நம்மைப் போலவே பிழைக்க வந்த ஒரிசா முஸ்லிம்கள். 1881இல் தொடங்கிய யூதப் பெண்கள் பள்ளியில் இன்று படிப்போரில் பெரும்பாலோர் முஸ்லிம் சிறுமிகள். கொச்சி மட்டாஞ்சேரியில் சாரா கோஹன் என்ற யூத மூதாட்டியை, 2019இல் 96 வயதில் அவர் மறையும்வரை பேணியவர் தாஹா இப்ராஹிம். அம்மையாரின் கடையையும் அவரே கவனித்துக்கொண்டார்.

ஓர் அரசின் கொடுமையைக் கண்டிப்பது வேறு. ஒரு மதத்தாரை வெறுப்பது வேறு. பாலஸ்தீன மக்களின் உரிமைக்குக் குரல் கொடுப்போம். யூதர் என்பதற்காக எவரையும் பகைக்க மாட்டோம்; முஸ்லிம் என்பதற்காக எவரையும் சந்தேகிக்கவும் மாட்டோம்.

தோழர்களே! 2004 டிசம்பர் 26 அன்று கார் நிக்கோபாரில் கடல் பொங்கியபோது, அது யாரிடமும் மதம் கேட்கவில்லை. நம் வரிசை வீடுகளில் பகை மூண்டால் லாபம் யாருக்கு? கூலியை இழுத்தடிக்கும் ஒப்பந்தக்காரருக்குத்தான். பிரிந்து நிற்பவனுக்குக் கூலி கேட்கும் வலு ஏது? ஒன்றாக நிற்போம்!